1954 சிகரெட் அறிக்கை: அன்றைய வாசகர் எவ்வளவு தூரம் கண்டுகொண்டிருக்க முடியும்?

திண்ணைவாசகர்:

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு, நம்மை இணங்கவைக்க எழுதப்படும் வாதங்களைப் பகுத்து வாசிக்கக் கற்றுத்தருகிறேன். அதற்கு நான் விரும்பி எடுக்கும் பாடம் ஒரு பழைய விளம்பரம். 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் வெளியானது. தலைப்பு, சிகரெட் புகைப்பவர்களுக்கு ஓர் ஒளிவுமறைவற்ற அறிக்கை. பக்கம் முழுவதும் வெறும் எழுத்து. அடியில் புகையிலை நிறுவனத் தலைவர்களின் பெயர்களும், இலை பயிரிடுவோர், கிடங்கு நடத்துவோர் சங்கங்களின் பெயர்களும்.

சாரம் இது. எலிகள்மீது நடந்த அண்மைப் பரிசோதனைகளால், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஏதோ தொடர்பு உண்டு என்ற ஒரு கோட்பாடு பரவலாகப் பேசப்படுகிறது. பரிசோதனை செய்தவர்கள் தகுதியுள்ள மருத்துவர்களே, ஆனால் அவற்றின் முடிவுகள் அறுதியானவையாகக் கருதப்படவில்லை. எனினும் எந்தத் தீவிரமான ஆய்வையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்றே நம்புகிறோம். புகழ்பெற்ற வல்லுநர்கள் நான்கு குறிப்புகளாகச் சொல்வது: இந்நோய்க்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும், எது காரணம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, சிகரெட் அவற்றுள் ஒன்று என்பதற்கு நிரூபணம் இல்லை, சிகரெட்டோடு நோயை இணைக்கும் புள்ளிவிவரங்கள் நவீன வாழ்வின் வேறு பல அம்சங்களுக்கும் அதே அளவு பொருந்தலாம். மக்களின் உடல்நலமே எங்கள் தொழிலில் மற்ற எல்லாவற்றையும்விட மேலான பொறுப்பு. எங்கள் பொருள்கள் தீங்கானவை அல்ல என்று நம்புகிறோம். 300 ஆண்டுகளுக்கும் மேலாகப் புகையிலை மனிதருக்கு ஆறுதல் தந்துவருகிறது. அதன்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் ஆதாரமின்றி ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. இப்போது ஓர் ஆய்வுக் குழு அமைக்கிறோம். அப்பழுக்கற்ற நேர்மையும் நாடறிந்த பெயரும் உடைய விஞ்ஞானி ஒருவர் அதற்குப் பொறுப்பேற்பார்.

மாணவர்களில் பெரும்பாலோர் முதல் வாசிப்பில் இதை நேர்மையான அறிக்கை என்றே சொல்கிறார்கள். பின்னால் நடந்தது நமக்குத் தெரியும், அதை ஒதுக்கிவையுங்கள். அன்று இந்தப் பக்கத்தை மட்டும் கையில் வைத்திருந்த நிதானமான வாசகர், இதிலிருந்து எதையெல்லாம் உய்த்துணர்ந்திருக்க முடியும்?

மேலக்கரை:

கையெழுத்திட்டவர் யார் என்று பார்த்தால் போதுமே. சிகரெட் விற்பவர் சிகரெட்டைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது. இதற்கு வாசிப்புப் பயிற்சி எதற்கு?

திண்ணைவாசகர்:

மேலக்கரை, யார் சொன்னார் என்பது கவனமாக வாசிக்க ஒரு காரணம். ஆனால் சொன்னது பொய் என்பதற்கு அது சான்று ஆகாது. இன்சுலின் விற்கும் நிறுவனம் இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கும் என்று சொன்னால், விற்பவர் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? எழுதியவரின் ஆதாயத்தைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்துபவர், எழுதியவரின் நல்ல பெயரைக் கண்டதும் நிறுத்துவார். இரண்டிலும் பனுவல் வாசிக்கப்படவே இல்லை. அந்த அறிக்கை தன் வல்லுநர்களைப் 'புகழ்பெற்ற' என்று அழைப்பது இந்த இரண்டாம் வகை வாசகரை எதிர்பார்த்துத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வல்லுநர்கள் புகழ்பெற்றவர்கள், ஆனால் ஒருவர் பெயரும் இல்லை. குழுவுக்குத் தலைமை ஏற்கப்போகும் விஞ்ஞானி நாடறிந்தவர், அவர் பெயரும் இல்லை. அந்தப் பக்கத்தில் அச்சான பெயர்கள் எல்லாம் வணிகர்களுடையவை. இதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து எந்தத் தகவலும் தேவையில்லை. விரல் வைத்துத் தேடினாலே தெரியும்.

சுவாசம்:

நான் நெஞ்சக நோய் மருத்துவர். நிறுவனங்களின் உள் ஆவணங்களைவிட அறிக்கையின் வரிசைதான் எனக்கு அதிகம் சொல்கிறது.

முதல் வாக்கியத்திலேயே எலிகள் வருகின்றன. 1953 டிசம்பரில் வைண்டர், கிரஹாம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அது. சிகரெட் புகையிலிருந்து எடுத்த தாரை எலிகளின் முதுகில் தடவினார்கள். 44 விழுக்காடு எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. இதைப் படித்த எவரும், எலியின் தோலும் மனிதனின் நுரையீரலும் ஒன்றா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசகர் அந்தக் கேள்வியோடு தொடங்க வேண்டும் என்பதற்காகவே எலி முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறது.

இப்போது நான்காவது குறிப்புக்குப் போங்கள். 'சிகரெட்டோடு நோயை இணைக்கும் புள்ளிவிவரங்கள்' என்று வருகிறதே, அவை யாரைப் பற்றியவை? எலிகளைப் பற்றியவை அல்ல, எலிகள் புகைப்பதில்லை. அப்படியானால் மனிதர்கள்மீது ஏற்கெனவே ஆய்வு நடந்திருக்கிறது, முடிவு தொழிலுக்குச் சாதகமாக இல்லை. அறிக்கையின் சொற்களை மட்டும் வைத்தே அன்றைய வாசகர் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியும்.

உண்மையில் நடந்ததும் அதுதான். 1950-இல் அமெரிக்காவில் இதே வைண்டரும் கிரஹாமும், லண்டனில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் தனித்தனியாக ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். லண்டன் ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேர். அவர்களில் புகைக்காதவர்கள் இருவர் மட்டுமே. வேறு நோய்களுக்காக மருத்துவமனைக்கு வந்த அதே எண்ணிக்கை ஆண்களில் 27 பேர் புகைக்காதவர்கள். அதிகம் புகைத்தவர்களிடம் நோய் அதிகம் காணப்பட்டது. மனிதர்களைப் பற்றிய இவ்வளவு கனமான செய்தியைப் 'புள்ளிவிவரங்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து, நான்காம் இடத்தில் வைத்து, எலியை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். சொன்ன எதுவும் பொய்யல்ல. எதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் வேலை நடந்திருக்கிறது.

டால் தம் ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே புகைப்பதை விட்டுவிட்டார். கிரஹாமும் புகைத்தவர், அறுவை மருத்துவர். அவர் 1957-இல் நுரையீரல் புற்றுநோயால்தான் இறந்தார்.

இரண்டாம்தாள்:

குடிமைப் பணி முதனிலைத் தேர்வுக்குத் தயாராகிறேன். இரண்டாம் தாளில், பத்தி ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து பெறக்கூடிய மிகவும் தர்க்கபூர்வமான அனுமானம் எது என்று கேட்பார்கள். பத்தியில் இல்லாததை உள்ளே கொண்டுவந்தால் விடை தவறும், மதிப்பெண்ணும் குறையும். அந்தக் கண்ணோடு பார்த்தால், நிறுவனங்கள் மறைக்கின்றன என்பது இந்தப் பத்தியின் அனுமானம் ஆகாது. அப்படியானால் எது ஆகும்? எனக்கு உண்மையாகவே குழப்பமாக இருக்கிறது, ஐயா.

தெற்குவாசல்:

தம்பி, உங்கள் கட்டுப்பாடு நல்ல கட்டுப்பாடு. அதைக் கைவிட வேண்டாம்; அதற்குள் நின்றே பார்ப்போம்.

சிகரெட் தீங்கற்றது என்று நிறுவனங்கள் நிறுவியிருக்கின்றன என்று ஒரு விடை கொடுத்தால்? தவறு. 'நம்புகிறோம்' என்றுதான் அறிக்கை சொல்கிறது. நம்பிக்கைக்கு ஒரு சான்றும் தரவில்லை. சிகரெட்டால் புற்றுநோய் வராது என்று அறிக்கை சொல்கிறது என்றால்? அதுவும் தவறு. நிரூபணம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது, 'வராது' என்று எங்கும் சொல்லவில்லை. சிகரெட் காரணமாக இருக்கும் வாய்ப்பை அறிக்கை மறுக்கவில்லை என்பது சரியான அனுமானம், சொல்லப்போனால் வலுவானதும்கூட. பல காரணங்கள் இருக்கலாம் என்ற முதல் குறிப்பும் சிகரெட்டை விடுவிக்கவில்லை. காரணங்கள் பல என்பதால் அவற்றில் இது ஒன்று இல்லை என்றாகிவிடாது.

தேர்வுத்தாள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் இணங்கவைக்கும் எழுத்துக்கு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இதைப் படித்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று இது விரும்புகிறது? அந்த முடிவு எழுதப்பட்டிருக்கிறதா? முழு அறிக்கையையும் தேடுங்கள். தொடர்ந்து புகையுங்கள் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் காரணம் தெரியவில்லை, வல்லுநர்கள் ஒத்துப்போகவில்லை, நாங்கள் பணம் போட்டு ஆராய்கிறோம், முடிவு வரட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால், படிப்பவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். முடிவை எழுதாமல் விட்டால் அதை வாசகரே எட்டுகிறார். தானே எட்டிய முடிவை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. எழுதியிருந்தால், மக்கள் நலனே முதல் பொறுப்பு என்ற வரியோடு அது மோதியிருக்கும். புகைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் விளம்பரத்தை நிறுத்திவைக்கிறோம் என்று ஒரு வரி வந்திருந்தால், அந்தப் பொறுப்புக்கு ஒரு செயல் துணை நின்றிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. நலனே முதன்மை என்று சொல்லிவிட்டு, நலனுக்காக விட்டுக்கொடுப்பது எதையும் சொல்லவில்லை.

இதை 'மறைக்கிறார்கள்' என்று எழுதினால் நீங்கள் சொன்னபடி பத்தியைத் தாண்டுகிறோம். 'வாக்குறுதிக்கேற்ற செயல் எதுவும் அறிக்கையில் இல்லை' என்று எழுதினால் பத்திக்குள்ளேயே நிற்கிறோம். இரண்டாவதைத்தான் நான் மதிப்பேன். அது பணிவாகத் தெரியும், ஆனால் அதை யாராலும் அசைக்க முடியாது.

எண்சுவடி:

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்த நான்காம் குறிப்பு என்னை விடுவதில்லை. இரண்டு சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது என்பது நாங்கள் முதல் வகுப்பில் சொல்லும் பாடம். அறிக்கை அந்தப் பாடத்தைத்தான் கையில் எடுத்திருக்கிறது. ஆனால் 'நவீன வாழ்வின் வேறு பல அம்சங்களுக்கும் அதே அளவு பொருந்தலாம்' என்பது ஒரு கூற்று. அதைச் சரிபார்க்க முடியும். எந்த அம்சம்? பெயர் சொல்லுங்கள், எண்ணிப் பார்க்கிறோம். அறிக்கை ஒன்றைக்கூடப் பெயர் சொல்லவில்லை.

லண்டன் ஆய்வாளர்கள் பெயர் சொல்லித் தேடினார்கள். தொடக்கத்தில் டாலின் சந்தேகம் சிகரெட்மீது இல்லை. வாகனப் புகைமீதும் சாலையில் போடும் தார்மீதும்தான். நவீன வாழ்வின் அம்சங்கள் என்றால் இவைதானே? அவற்றைத் தேடிப் போனவர்கள் சிகரெட்டில் வந்து நின்றார்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. ரொனால்ட் ஃபிஷர். இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் பெரும்பகுதி அவர் தோளில் நிற்கிறது. 1957-58-இல் அவரே இந்த ஆய்வுகளை எதிர்த்து எழுதினார். புகைக்கத் தூண்டும் மரபணு ஏதோ ஒன்றே புற்றுநோயையும் தரலாம், சிகரெட் நடுவில் வந்த அப்பாவியாக இருக்கலாம் என்பது அவர் வாதம். அவர் குழாயில் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகராகவும் இருந்தார். மேலக்கரையின் அளவுகோலை வைத்தால் அவரை ஒரே வரியில் தள்ளிவிடலாம். தள்ளக் கூடாது. ஏனென்றால் அவர் 'வேறு ஏதோ' என்று நிறுத்தவில்லை, இன்னது என்று பெயரிட்டார். பெயரிட்டதால் அதைச் சோதிக்க முடிந்தது.

1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பதில் எழுதினார்கள். புகைப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட ஒன்பது மடங்கு என்று வையுங்கள். இந்த வேறுபாடு முழுவதையும் ஒளிந்திருக்கும் வேறொரு காரணத்தால் விளக்க வேண்டுமானால், அந்தக் காரணம் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை யாரும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்த மிக அழகான எதிர்வாதங்களில் இது ஒன்று. எதிராளி சொன்னதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு, அது உண்மையானால் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

ஃபிஷரின் முடிவு தவறானது. ஆனாலும் அவரோடு வாதிட முடிந்தது. 1954 அறிக்கையோடு வாதிட முடியாது, பிடித்துக்கொள்ள அதில் ஒரு முனையும் இல்லை. மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பேன்.

நடுவெயில்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். என் கவலை வேறு.

எழுதாத முடிவைத் தேடு, சொல்லாததைக் கவனி, வரிசைக்குப் பின்னால் நோக்கம் இருக்கிறது என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நாளை அதே பிள்ளை தடுப்பூசி குறித்த அரசு அறிவிப்பையும் அதே கண்ணால் பார்ப்பான். எதைச் சொல்லாமல் விட்டார்கள், யாருக்கு ஆதாயம், ஏன் இந்த வரி முதலில் வந்தது என்று கேட்பான். என் உறவினர்கள் சிலர் இப்படித்தான் பேசுகிறார்கள். படிக்காதவர்கள் அல்லர், கூர்மையானவர்கள். நீங்கள் இங்கே கொண்டாடும் கூர்மைதான் அவர்களுடையதும். இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்று யாரும் சொல்லவில்லை. 1954-இல் கையெழுத்திட்டவர்களில் சிலர் அந்த நம்பிக்கையை உண்மையாகவே வைத்திருக்கக்கூடும் என்பதற்கும் இங்கே இடம் தரப்படவில்லை.

சுவாசம்:

நடுவெயில், நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே கடினமான கேள்வி. தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரிடம் நான் தினமும் பேசுகிறேன், அதனால் எனக்கு இது புத்தகக் கேள்வி அல்ல.

முதலில் நம்பிக்கை பற்றி. கையெழுத்திட்டவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து அறிய முடியாது. அறிந்ததாகச் சொல்லவும் கூடாது. அதற்கு வேறு சான்றுகள் வேண்டும், அவை பின்னர் வந்தன. 1953 டிசம்பரில் நிறுவனத் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தினார்கள். அதற்கு அடுத்த மாதம் வந்ததுதான் இந்த அறிக்கை. 1969-இல் எழுதப்பட்ட ஒரு நிறுவனத்தின் உள் குறிப்பு, சந்தேகமே எங்கள் விற்பனைப் பொருள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். இவை நோக்கத்துக்குச் சான்றுகள். பனுவலை வாசித்துப் பெற்ற அனுமானத்தை இவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் இவை இல்லாமலே, அந்த வாதம் பலவீனமானது என்று சொல்ல நமக்கு உரிமை இருந்தது.

இனிக் கோடு எங்கே என்ற கேள்வி. சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பாருங்கள். அந்த அறிக்கைதான். படிப்பவரிடம் 'நம்பு' என்று அது கேட்கவில்லை. சந்தேகி என்றுதான் கேட்டது. ஆகவே சந்தேகத்தை நான் வாசிப்புத் திறன் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: எந்தச் சான்று வந்தால் இதை எழுதியவர் தம் நிலையை மாற்றிக்கொள்வார் என்று எழுத்தில் இருக்கிறதா? 1954 அறிக்கையில் இல்லை. என்னிடம் வரும் பெற்றோரிடமும் இதையேதான் மெல்லக் கேட்கிறேன். எதைக் காட்டினால் சம்மதிப்பீர்கள்? பலருக்கு அதற்கு ஒரு விடை இருக்கிறது, அங்கிருந்து பேச்சு நகர்கிறது. எதைக் காட்டினாலும் முடியாது என்பவரும் உண்டு.

பக்கத்தில் வைத்து வாசிக்க இன்னொரு பனுவலைச் சொல்கிறேன். 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி வெளியிட்ட அறிக்கை. பத்துப் பேர் கொண்ட குழு, 7,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பார்த்தது. குழுவுக்கு முன்மொழியப்பட்ட பெயர்களை ஆட்சேபித்து நீக்கும் வாய்ப்பு புகையிலை நிறுவனங்களுக்கும் தரப்பட்டிருந்தது. ஒரு தொடர்பைக் காரணம் என்று ஏற்க என்னென்ன பார்த்தோம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்: தொடர்பு எவ்வளவு வலுவானது, வெவ்வேறு ஆய்வுகளில் அது மாறாமல் வருகிறதா, புகைத்தது முன்னும் நோய் பின்னுமாக இருக்கிறதா, இப்படி. ஆண்களைப் பற்றி உறுதியாகச் சொல்லிவிட்டு, பெண்களைப் பற்றிய தரவு குறைவு, ஆனால் அதே திசையைக் காட்டுகிறது என்கிறார்கள். தன் சான்று எங்கே மெலிகிறது என்று தானே காட்டும் எழுத்து அது. அதிலும் பிழை உண்டு. புகைப்பதை வெறும் பழக்கம் என்று சொன்னது. அது அடிமைப்படுத்துவது என்று அடுத்த தலைமை மருத்துவர்கள் சொல்ல 1988 வரை ஆனது. ஆனால் அளவுகோலை வெளியே வைத்திருந்ததால், பிழையைத் திருத்த வருபவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரிந்தது.

நடுவெயில்:

எதைக் காட்டினால் சம்மதிப்பீர்கள் என்ற கேள்வி எனக்குப் பயன்படும். ஆனால் தடுப்பூசி அறிவிப்புகளும் தம் சான்றின் மெலிந்த இடத்தைக் காட்டி எழுதப்பட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வேன். மக்களை அச்சுறுத்தக் கூடாது என்பதற்காக அதை மழுப்பும்போது, என் உறவினர்களுக்கு ஆயுதம் கிடைத்துவிடுகிறது.

சுவாசம்:

முழுவதும் உடன்படுகிறேன்.

இரண்டாம்தாள்:

அந்த 300 ஆண்டு வாக்கியத்தை யாரும் தொடவில்லையே? அதுவும் வாதம்தானே? பழைய குற்றச்சாட்டுகள் பொய்த்தன, அதனால் இதுவும் பொய்க்கும் என்பதில் உள்ள ஓட்டை எனக்குத் தெரிகிறது. வேறு ஏதாவது இருக்கிறதா?

எண்சுவடி:

இருக்கிறது. தலைப்பு யாருக்கு எழுதப்பட்டது? சிகரெட் புகைப்பவர்களுக்கு. குற்றச்சாட்டு எதன்மீது? சிகரெட்மீது. 300 ஆண்டுகள் ஆறுதல் தந்தது எது? புகையிலை. நடுவில் பொருள் மாறிவிட்டது.

வெளித்தகவலைச் சேர்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்கு ஜேம்ஸ் பான்சாக் காப்புரிமை பெற்றது 1881-இல். அதற்கு முன் சிகரெட்டைக் கையால் சுற்றினார்கள், விற்பனை சிறிது. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் புகையை நெஞ்சுக்குள் இழுக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். இந்நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே 300 ஆண்டு அனுபவம் என்பது மூக்குப்பொடி, குழாய், சுருட்டு ஆகியவற்றின் அனுபவம். சிகரெட்டைப் பற்றி அது எதையும் சொல்லாது.

தேர்வுக்கு உங்களுக்கு முதல் பத்தியே போதும்.

திண்ணைவாசகர்:

கையெழுத்துப் பட்டியலைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய நிறுவனங்களில் லிகெட் அண்ட் மையர்ஸ் அதில் இல்லை. ஏன் என்று அந்தப் பக்கம் சொல்லாது. இல்லாமையிலிருந்து அனுமானிக்கும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதை வகுப்பில் தனியாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். 1964 அறிக்கையின் முடிவுரைப் பகுதியைத் தமிழாக்கி இந்த வாரம் இங்கே இடுகிறேன். பெண்களைப் பற்றிய அந்த வரியிலிருந்து தொடங்குவோம். நடுவெயில், முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.